வெளியேறும் வாசல்: நியூயார்க் யூத அருங்காட்சியகத்தின் 2002-ஆம் ஆண்டுக் கண்காட்சி குறித்த நிகழ்வு ஆய்வு

நியூயார்க் நகரில் ஐந்தாம் அவென்யூவும் 92-ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில் யூத அருங்காட்சியகம் உள்ளது. அங்கு 2002 மார்ச் 17 முதல் ஜூன் 30 வரை நடைபெற்ற தற்காலிகக் கண்காட்சி ஒன்றின் கடைசிப் பகுதிக்குள் நுழையும் முன், பார்வையாளர் ஓர் அறிவிப்பைக் கடக்க வேண்டியிருந்தது. இதற்கு அப்பால் உள்ள படைப்புகள் நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பியோர் சிலரின் மனத்தைப் புண்படுத்தியுள்ளன என்றும், அவற்றைக் காண விரும்பாதவர்கள் இங்கேயே வெளியேறலாம் என்றும் அந்த அறிவிப்பு தெரிவித்தது. அருகிலேயே வெளியேறும் வழியும் விடப்பட்டிருந்தது.

கண்காட்சியின் முதல் திட்டத்தில் அந்த அறிவிப்புக்கோ அந்த வழிக்கோ இடம் இருக்கவில்லை. திறப்புக்குச் சில வாரங்களுக்கு முன் எழுந்த எதிர்ப்பினால் அவை சேர்க்கப்பட்டன. 'மிரரிங் ஈவில்', அதாவது 'தீமையைப் பிரதிபலித்தல்', என்ற அந்தக் கண்காட்சியைப் பற்றிக் கலை உலகில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை படைப்புகளின் தகுதியையே விவாதிக்கின்றன. இந்த ஆய்வு அந்த வாசலைப் பின்தொடர்கிறது. அது ஏன் தேவைப்பட்டது, ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது என்ற இரண்டு கேள்விகளில் இந்த நிகழ்வின் சாரம் அடங்கியிருப்பதாகக் கருதுகிறேன்.

கட்டடமும் அதற்குள் இருந்தவையும்

இந்த அருங்காட்சியகத்தின் தொடக்கம் 1904-ஆம் ஆண்டு. நீதிபதி மேயர் சுல்ஸ்பெர்கர் யூத சமயச் சடங்குப் பொருட்கள் 26-ஐ நியூயார்க்கிலுள்ள யூத இறையியல் கல்லூரியின் நூலகத்துக்கு அளித்தார். அந்தச் சிறு தொகுப்பே பின்னர் பல்லாயிரம் பொருட்கள் கொண்ட சேகரிப்பாக வளர்ந்தது. வங்கியாளர் ஃபெலிக்ஸ் வார்பர்குக்காக 1908-ல் பிரெஞ்சு கோதிக் பாணியில் கட்டப்பட்ட மாளிகையை அவருடைய மனைவி ஃப்ரீடா வார்பர்க் 1944-ல் கல்லூரிக்குக் கொடையாகக் கொடுத்தார். 1947-ல் அந்த மாளிகை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இந்தச் சேகரிப்பில் நமது ஆய்வுக்கு முக்கியமான ஒரு பகுதி உண்டு. பால்டிக் கரையில் இருந்த டான்சிக் நகரின் யூத சமூகத்தினர், நாஜிகளின் பிடி இறுகிக்கொண்டிருந்த 1939-ஆம் ஆண்டில், தங்கள் ஜெபாலயத்தின் தோரா எனும் யூத வேதச் சுருளுக்கான அணிகள், விளக்குகள், கிண்ணங்கள் ஆகியவற்றைப் பெட்டிகளில் அடைத்து நியூயார்க்குக்குப் பாதுகாப்புக்காக அனுப்பி வைத்தனர். 15 ஆண்டுகளுக்குப் பிறகு டான்சிக்கில் யூதர்கள் சுதந்திரமாகவும் பாதுகாப்பாகவும் வாழும் நிலை இருந்தால் பொருட்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையெனில் அவை அமெரிக்காவிலேயே இருக்கலாம் என்பது ஏற்பாடு. 15 ஆண்டுகள் கழிந்தபோது திருப்பிக் கேட்க அங்கு அந்தச் சமூகமே இல்லை. பொருட்கள் நியூயார்க்கில் தங்கிவிட்டன. உரியவர் இல்லாமற்போன பொருளைக் காத்து வைத்திருக்கும் இடம் ஒருவகையில் துக்க வீடுதான்.

அதே கட்டடத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில், ஆலன் சாலமன் இயக்குநராக இருந்தபோது, ராபர்ட் ரவுஷன்பெர்க்குக்கு 1963-லும் ஜாஸ்பர் ஜான்ஸுக்கு 1964-லும் இங்கு தனிப்பெரும் கண்காட்சிகள் நடந்தன. அந்த இருவருமே யூதர்கள் அல்லர். 1966-ல் கைனஸ்டன் மெக்ஷைன் தொகுத்த 'பிரைமரி ஸ்ட்ரக்சர்ஸ்' கண்காட்சி, பின்னர் மினிமலிசம் என அழைக்கப்பட்ட சிற்ப இயக்கத்தைப் பொதுமக்கள் முன் நிறுத்தியது. ஒரு யூத அருங்காட்சியகம் ஏன் உலோகப் பெட்டிகளையும் ஒளிக்குழாய்களையும் காட்ட வேண்டும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 1970-களின் தொடக்கத்தில், பணநெருக்கடியும் சேர்ந்துகொள்ள, நிறுவனம் தன் கவனத்தை யூதப் பண்பாட்டின் பக்கமே திருப்பியது.

1981-ல் இயக்குநர் பொறுப்பேற்ற ஜோன் ரோசன்பாம் இந்த இரு முகங்களையும் ஒன்றுசேர்க்க முயன்றார். யூத வரலாற்றின் கேள்விகளைத் தற்காலக் கலையின் கண்ணால் பார்க்கும் கண்காட்சிகள் அவர் காலத்தின் அடையாளம் ஆயின. பிரெஞ்சு ராணுவத்தின் யூத அதிகாரி ஒருவர்மீது பொய்யாகத் தேசத்துரோகம் சுமத்தப்பட்ட டிரைஃபஸ் வழக்கும் கலையும் பற்றிய 1987-ஆம் ஆண்டுக் கண்காட்சியும், 'டூ ஜூயிஷ்?', அதாவது 'அளவுக்கு மீறி யூதத்தன்மையா?', என்ற 1996-ஆம் ஆண்டுக் கண்காட்சியும் அவ்வரிசையில் வந்தவை. இரண்டையும் தொகுத்தவர் காப்பாட்சியர் நார்மன் கிளீபிளாட். 2002-ஆம் ஆண்டுக் கண்காட்சியும் அவருடையதே. இது ஏதோ ஒரு விளம்பர ஆசையில் திடீரென்று பிறந்த காரியம் என்று பின்னாளில் சிலர் எழுதியது சரியல்ல. இருபதாண்டு நிறுவனக் கொள்கை இயல்பாக வந்து சேர்ந்த இடம் அது.

எண்ணமும் படைப்புகளும்

கிளீபிளாட் கவனித்தது இதுதான். யூத இனப்படுகொலையைப் பற்றிய கலை அதுவரை பெரும்பாலும் பலியானோரைப் பற்றியதாகவே இருந்தது. இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலேயே ஜார்ஜ் சீகல் 1982-ல் செய்த வெண்சாந்துச் சிற்பத் தொகுதி இருக்கிறது. குவிந்து கிடக்கும் பத்து உடல்களுக்கு முன்னால், முள்வேலிக் கம்பியில் கைவைத்தபடி ஒருவன் மட்டும் நின்று வெளியே பார்க்கிறான். பார்வையாளர் அந்த மனிதனின் பக்கமே சாய்வார், வேறு வழியில்லை. 1990-களில் வளர்ந்துவந்த இளைய கலைஞர்களோ கொடுமை செய்தவர்களின் பக்கம் திரும்பியிருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் போர் நினைவில் இல்லை. திரைப்படமாகவும் விளம்பரமாகவும் பொம்மையாகவுமே அது அவர்களை வந்தடைந்தது. நாஜிச் சீருடையின் மினுமினுப்பு நம்மை ஏன் ஈர்க்கிறது, அந்த ஈர்ப்பை விற்பவர் யார், வாங்கும் நாம் யார் என்று அவர்கள் கேட்டார்கள். நாஜியிசத்தின் அழகியல் கவர்ச்சியைப் பற்றி வரலாற்றாசிரியர் சவுல் ஃப்ரீட்லெண்டர் 1980-களிலேயே எழுப்பிய கேள்விகளின் தொடர்ச்சி இது. கண்காட்சிக்கென வெளியிடப்பட்ட நூலுக்கு, நினைவுச்சின்னங்கள் குறித்து ஆராய்ந்த ஜேம்ஸ் யங் முன்னுரை எழுதினார்.

13 கலைஞர்கள், 19 படைப்புகள். அனைத்தையும் இங்கு வரிசைப்படுத்தத் தேவையில்லை. ஆனால் செய்தித்தாள்கள் பேசாத மூன்றை முதலில் நெருங்கிப் பார்ப்பது அவசியம்.

ஸ்காட்லாந்துக் கலைஞர் கிறிஸ்டின் போர்லாண்ட் 1997-ல் செய்த படைப்பில் ஆறு மார்பளவுச் சிலைகள் உள்ளன. ஆறும் ஔஷ்விட்ஸ் முகாமின் மருத்துவன் யோசஃப் மெங்கலேயைக் காட்டுபவை. ஆறு சிற்பிகளிடம் தெளிவற்ற நிழற்படங்களையும், அவனைப் பார்த்தவர்கள் தந்த வருணனைகளையும் கொடுத்து, முகத்தை வடிக்கச் சொன்னார் போர்லாண்ட். ஆறு முகங்களும் ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் கனிவு தெரிகிறது, இன்னொன்று அழகன், மற்றொன்று யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரன். தீயவனின் முகத்தில் தீமை எழுதியிருக்கும் என்ற நம் நம்பிக்கையை இந்தச் சிலைகள் ஓசையின்றி எடுத்துப் போட்டுவிடுகின்றன. இந்தக் கண்காட்சியின் ஆகச் சிறந்த படைப்பு இதுவே என்பது என் கருத்து.

இஸ்ரேலியக் கலைஞர் போவாஸ் அராத் ஹிட்லரின் மேடைப்பேச்சுப் படச்சுருள்களை அசை அசையாக வெட்டி ஒட்டி ஒரு குறும்படம் செய்தார். வெட்டுப்பட்ட ஜெர்மன் அசைகள் சேர்ந்து ஹீப்ரூ வாக்கியமாகின்றன: எருசலேமுக்கு வணக்கம் கூறி, மன்னிப்புக் கேட்கிறான் ஹிட்லர். படம் சில நொடிகளே ஓடுகிறது. படச்சட்டங்கள் குதிக்கின்றன, குரல் திக்குகிறது, ஒவ்வோர் அசையையும் தொண்டையிலிருந்து பிடுங்கி எடுப்பதுபோல் இருக்கிறது. சிரிப்பதா என்று தீர்மானிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஒருபோதும் கேட்கப்படாத மன்னிப்பை அந்த மனிதனின் வாயிலிருந்தே கட்டாயப்படுத்திப் பெறும் ஏக்கம் அதில் இருக்கிறது.

ஜெர்மன் கலைஞர் ருடால்ஃப் ஹெர்ஸ் ஓர் அறையின் சுவர்களில் இரண்டே இரண்டு முகங்களைச் சதுரங்கக் கட்டங்கள்போல் மாற்றி மாற்றி ஒட்டினார். ஒன்று ஹிட்லர், மற்றொன்று நவீனக் கலையின் முன்னோடி மார்செல் துஷாம். இரு படங்களையும் எடுத்தவர் ஒரே நிழற்படக்காரர், மியூனிக்கின் ஹைன்ரிஷ் ஹாஃப்மன். துஷாம் 1912-ல் மியூனிக் வந்தபோது ஹாஃப்மனின் கேமராமுன் அமர்ந்தார், பின்னாளில் அதே ஹாஃப்மன் ஹிட்லரின் ஆஸ்தான நிழற்படக்காரர் ஆனார். படைப்பின் பெயர் 'ட்சுக்ட்ஸ்வாங்'. எந்தக் காயை நகர்த்தினாலும் தன் நிலை மோசமாகும், ஆனால் நகர்த்தியே ஆக வேண்டும் என்ற சதுரங்க நிலைக்கு அப்பெயர். 2002-ன் முதல் மூன்று மாதங்களில் அருங்காட்சியக நிர்வாகம் இருந்த நிலைக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

சர்ச்சைக்குரிய மூன்று

இனி மற்ற மூன்று. போலந்துக் கலைஞர் ஸ்பிக்னியெவ் லிபெரா 1996-ல் உருவாக்கிய படைப்பு, குழந்தைகள் ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் லெகோ கட்டைகளின் ஏழு பெட்டிகள். கடையில் விற்கும் பெட்டிகளைப் போலவே வண்ண அட்டைகள், மூலையில் நிறுவனச் சின்னம், மேலே கட்டி முடித்த மாதிரியின் படம். அந்தப் படத்தில் இருப்பது குடியிருப்புக் கொட்டடிகள், முள்வேலி, பிண எரிப்புக் கூடம். கைதிகளாகச் சிரித்த முகத்துடன் வெள்ளை எலும்புக்கூடுகள், காவலர்களாகக் கறுப்புச் சீருடைப் பொம்மைகள். கட்டைகள் ஏறக்குறைய எல்லாம் குழந்தைகள் வீட்டில் வைத்து விளையாடுபவையே. அங்கங்கே முகங்களில் மட்டும் சிறிது வண்ணம் மாற்றப்பட்டிருந்தது. கட்டைகளை லெகோவைத் தயாரிக்கும் டென்மார்க் நிறுவனமே இலவசமாகக் கொடுத்திருந்தது, எதற்கென்று அறியாமல். ஆகவே தம் நிறுவனம் ஆதரவளித்ததாகப் பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருந்த வாசகம் அவர்களைச் சினங்கொள்ளச் செய்தது.

பிரிட்டனில் பிறந்த யூதக் கலைஞர் ஆலன் ஷெக்னர், 1945-ல் புச்சன்வால்ட் முகாம் விடுவிக்கப்பட்டபோது எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படத்தில், எலும்பும் தோலுமான கைதிகளிடையே தன் உருவத்தைக் கணினி மூலம் பொருத்திக்கொண்டார். கோடிட்ட கைதி உடையில் நிற்கும் அவர் கையில் டயட் கோக் பானத்தின் டப்பா. படத்தில் அது ஒன்றுதான் வண்ணத்தில் மின்னுகிறது. அமெரிக்க யூதக் கலைஞர் டாம் சாக்ஸ் நச்சுவாயு டப்பாக்கள் மூன்றைச் சனேல், எர்மெஸ், டிஃபனி ஆகிய ஆடம்பர நிறுவனங்களின் பரிசுப்பொதி அட்டைகளால் சுற்றியிருந்தார். பிராடா தொப்பிப் பெட்டியின் அட்டையைக் கொண்டு வதைமுகாம் மாதிரி ஒன்றையும் செய்திருந்தார்.

இம்மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூன்றும் வணிகச் சின்னங்களைப் பயன்படுத்துகின்றன, மூன்றையும் ஒரே பார்வையில் பிடித்துவிடலாம். தபால்தலை அளவில் அச்சிட்டாலும், தொலைபேசியில் ஒருவர் இன்னொருவருக்கு வாயால் சொன்னாலும்கூட அவை கிட்டத்தட்ட முழுதாகப் போய்ச் சேர்ந்துவிடும். போர்லாண்டின் சிலைகளுக்கு முன்னால் நடக்க வேண்டும், அராத்தின் படத்தைச் செவியால் கேட்க வேண்டும், ஹெர்ஸின் அறைக்குள் நின்று தலைசுற்ற வேண்டும். செய்தித்தாளில் பயணம் செய்யக்கூடியவை எவையோ அவையே முதலில் புண்படுத்தின. 19 படைப்புகள் கொண்ட கண்காட்சி பொதுமக்கள் மனத்தில் மூன்றாகச் சுருங்கியது இப்படித்தான்.

எதிர்ப்பின் போக்கு

2002 ஜனவரியில், அதாவது திறப்புக்கு இரண்டு மாதங்களுக்கு முன், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் கண்காட்சியைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. அதற்குப் பின் நடந்தவை வேகமானவை. முகாம்களிலிருந்து தப்பியோரின் பிள்ளைகள் அமைப்பில் முன்னணியில் இருந்த மெனாக்கெம் ரோசன்சாஃப்ட் கடுமையாக எழுதினார். முகாமிலிருந்து தப்பிய எழுத்தாளர் எலீ வீசல் எதிர்ப்புத் தெரிவித்தார். புரூக்ளினைச் சேர்ந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் டோவ் ஹைகிண்ட், தானே முகாமிலிருந்து தப்பியோரின் மகன், அருங்காட்சியகத்தைப் புறக்கணிக்குமாறு அழைப்பு விடுத்தார். 1999-ல் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் 'சென்சேஷன்' கண்காட்சியையொட்டி மேயருக்கும் நிறுவனத்துக்கும் நடந்த மோதலை எல்லோரும் நினைவுகூர்ந்தார்கள்.

நகரம் அப்போது இருந்த நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஆறு மாதங்கள்கூட நிறைவடையவில்லை. பெருந்திரளான மரணத்தைப் பற்றிய எந்தக் கேலியும் நியூயார்க்வாசிகளின் காதில் வேறுவிதமாக ஒலித்த காலம் அது. ஆனால் இங்கொரு முரண்பாடும் உண்டு. ஹிட்லரை ஆடிப்பாட வைத்துக் கேலி செய்யும் இசை நாடகம் ஒன்று முந்தைய ஆண்டுதான் பிராட்வேயில் 12 டோனி விருதுகளை வென்று, அரங்கு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் மறியல் எதுவும் நடந்துகொண்டிருக்கவில்லை. ஆகவே நாஜிகளை வைத்து விளையாடுவது கூடாது என்ற பொது விதி ஒன்றும் அந்நகரில் இல்லை. எந்தக் கூரையின் கீழ் விளையாடுவது என்பதே சிக்கல்.

திறப்பு நாளன்று நூறு பேரளவில் அருங்காட்சியகத்தின் எதிரே கூடி முழக்கமிட்டார்கள், உள்ளே போகாதீர்கள் என்று வருவோரைத் தடுத்தார்கள். அவர்களில் முகாம்களிலிருந்து தப்பிய முதியவர்களும் இருந்தனர். கலை விமர்சகர்களின் எதிர்வினையும் சாதகமாக இல்லை, ஆனால் அவர்களின் குறை வேறு. பல படைப்புகள் கருத்தளவில் மெலிந்தவை, அதிர்ச்சியைத் தாண்டி எதுவும் சொல்லாதவை, சுவர்க் குறிப்புகள் அளவுக்கு மீறியவை என்பது அவர்கள் வாதம். தன் பெற்றோரின் முகாம் அனுபவத்தைச் சித்திரக்கதையாக்கிய ஆர்ட் ஸ்பீகல்மன், அதாவது இந்த விஷயத்தில் துணிவைக் கற்பிக்க யாரும் தேவைப்படாத ஒருவர், கண்காட்சியைக் கிண்டல் செய்து ஒரு பக்கம் வரைந்தார். அது நிர்வாகத்துக்கு மறியலைவிட அதிகம் வலித்திருக்க வேண்டும்.

எதிர்ப்பு என்று பொதுவாகச் சொல்லப்பட்டதில் குறைந்தது மூன்று வேறுபட்ட குரல்கள் கலந்திருந்தன. ஒன்று, இதைப் பார்க்க என்னால் தாங்க முடியாது என்ற தப்பியோரின் குரல். இரண்டு, மக்களைக் கொன்ற வாயுவையும் வாசனைத் திரவியப் பொதியையும் ஒரே தட்டில் வைப்பது கொலையைச் சில்லறைச் சமாச்சாரமாக்குகிறது என்ற அறவாதம். மூன்று, இது நல்ல கலை அல்ல என்ற தீர்ப்பு. அரசியல்வாதிகளின் குரல் இவற்றோடு சேர்ந்து ஒலித்தது, அதைத் தனியாக எண்ணத் தேவையில்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வாதத்தால் பதில் சொல்லலாம். நுகர்பொருளாக்குவது கலைஞன் அல்லன், ஏற்கெனவே நுகர்பொருளாகிவிட்டதைத்தான் அவன் சுட்டுகிறான் என்று யங்கும் கிளீபிளாட்டும் அளித்த விளக்கத்தில் வலு இருக்கிறது. முதலாவது குரலுக்கு வாதம் பதிலாகாது. துக்கத்தில் இருப்பவரிடம் அவருடைய துக்கம் கோட்பாட்டளவில் தவறு என்று யாராலும் நிறுவ முடியாது. நிர்வாகமோ தொடக்கத்தில் மூன்று குரல்களுக்கும் ஒரே பதிலை, கல்வித்துறை மொழியில், திரும்பத் திரும்பச் சொன்னது.

முன்பே கிடைத்த எச்சரிக்கைகள்

எதிர்ப்பின் கடுமையைத் தாம் எதிர்பார்க்கவில்லை என்று நிர்வாகம் கருதியிருந்தால், அதை ஏற்பது கடினம். இந்தக் கண்காட்சிக்கு வந்த படைப்புகளில் சில ஏற்கெனவே வேறு ஊர்களில் எதிர்ப்பைச் சந்தித்த வரலாறு கொண்டவை.

லிபெராவின் லெகோ பெட்டிகளை 1997-ஆம் ஆண்டு வெனிஸ் பியெனாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியின் போலந்து அரங்குக்குக் கொண்டுவர வேண்டாம் என்று அதன் பொறுப்பாளரே சொன்னதால், லிபெரா பங்கேற்பிலிருந்து விலகிக்கொண்டார். அதே ஆண்டு, இஸ்ரேலியக் கலைஞர் ரோயி ரோசன் ஹிட்லரின் காதலி ஏவா பிரவுனின் கடைசி நாளில் பார்வையாளரை அவளாகவே வாழச் சொல்லும் ஓவியமும் எழுத்தும் கலந்த படைப்பை எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் வைத்தபோது, அதை அகற்ற வேண்டும் என்று அந்நாட்டுக் கல்வி அமைச்சரே கோரினார். அருங்காட்சியகம் அகற்றவில்லை. போலந்துக் கலைஞர் பியோத்ர் உக்லான்ஸ்கியின் 'நாஜிகள்' என்ற படைப்பு, திரைப்படங்களில் நாஜிச் சீருடை அணிந்து நடித்த நட்சத்திரங்களின் நூற்றுக்கும் மேற்பட்ட முகங்களை வரிசையாக ஒட்டியது. பிராங்க் சினாத்ரா, கிளிண்ட் ஈஸ்ட்வுட் எல்லாம் அதில் உண்டு. 1998-ல் லண்டனில் அது எதிர்ப்பைச் சந்தித்தது. 2000-ல் வார்சாவின் ஸஹென்டா காட்சிக்கூடத்தில், அந்த வரிசையில் தன் முகமும் இருப்பதைப் பொறுக்காத போலந்து நடிகர் டானியல் ஓல்பிரிஸ்கி, வாளுடன் உள்ளே வந்து சில படங்களை வெட்டிக் கிழித்தார்.

ஆக, வெனிஸ், எருசலேம், லண்டன், வார்சா என நான்கு ஊர்களின் அனுபவம் கைவசம் இருந்தது. ஒவ்வோர் ஊரிலும் காயம் பட்டவர் வேறு, காரணமும் வேறு. வெனிஸில் நாட்டின் கௌரவம், எருசலேமில் அரசின் நினைவுக் கொள்கை, வார்சாவில் ஒரு நடிகரின் தன்மானம். படைப்பு மாறவில்லை, அது நின்ற வீடு மாறியதும் அதன் பொருளும் மாறியது. அப்படியானால் நியூயார்க்கில், டான்சிக் மக்களின் விளக்குகள் இருக்கும் கட்டடத்தில், அதே பெட்டிகள் வைக்கப்படும்போது என்ன பொருள் கொள்ளும் என்ற கேள்வியைத் திட்டமிடும் மேசையிலேயே கேட்டிருக்க முடியும். தப்பியோருடன் முறையான உரையாடல் பத்திரிகைச் செய்திக்கு முன்பே, ஓராண்டு முன்பே தொடங்கியிருக்கலாம். அது படைப்புகளை நீக்கச் செய்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் செய்தித்தாளிலிருந்து அறிந்துகொள்வதும் வீட்டார் நேரில் வந்து சொல்வதும் ஒன்றல்ல என்பதை, சாவுச் செய்தி சொல்லி அனுப்பும் வழக்கமுள்ள எந்தச் சமூகமும் அறியும்.

நிர்வாகம் எடுத்த முடிவுகள்

கண்காட்சியை ரத்து செய்வதில்லை என்ற முடிவில் ரோசன்பாமும் அறங்காவலர்களும் உறுதியாக நின்றார்கள். எந்தப் படைப்பும் நீக்கப்படவில்லை. அது சரியான முடிவு. அச்சுறுத்தலுக்குப் பணிந்து ஒரு முறை மூடிய காட்சியறையை மறுமுறை திறப்பது எளிதல்ல.

அதே சமயம், விளக்கங்களால் படைப்புகளைச் சூழ்ந்துவிட வேண்டும் என்ற பதற்றம் காட்சியறை எங்கும் தெரிந்தது. நுழைவிலேயே திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நாஜிகள் எப்படிக் காட்டப்பட்டார்கள் என்ற காணொளித் தொகுப்பு, சுவரெங்கும் கேள்விகளை எழுப்பும் குறிப்புகள், கண்காட்சியை ஒட்டி உரையாடல் நிகழ்ச்சிகள். நோக்கம் நல்லது. ஆனால் அதிர்ச்சியளிப்பதற்காகவே செய்யப்பட்ட ஒரு படைப்பின் பக்கத்தில், நீங்கள் ஏன் அதிர்ச்சியடைகிறீர்கள் என்று விளக்கும் பலகையை வைத்தால், படைப்பும் மங்கும், பலகையும் நம்பிக்கை இழக்கும். போர்லாண்டின் சிலைகளுக்கு அந்த வக்காலத்து தேவைப்படவில்லை. சாக்ஸின் பொதிகளுக்கு எவ்வளவு வக்காலத்து வாங்கினாலும் போதவில்லை. அந்தப் பொதிகளில், ஆடம்பரச் சின்னமும் நச்சுவாயுவும் சேர்ந்த முதல் கணத்துக்குப் பின் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை என்ற விமர்சகர்களின் தீர்ப்போடு நான் உடன்படுகிறேன். லிபெராவின் பெட்டிகள் அப்படி அல்ல. ஏழாவது பெட்டியில் ஆட்களே இல்லை, கைதிகளிடமிருந்து பறித்த உடைமைகள் போலத் துண்டுத் துணுக்குகள் மட்டுமே நிறைந்திருக்கின்றன. அதன்முன் நிற்பவர் அது பொம்மை என்பதை மறந்துவிடக்கூடும்.

எல்லா ஏற்பாடுகளிலும் பயன் தந்தது அந்த வாசல்தான். தப்பியோரின் பிரதிநிதிகள் முன்வைத்த மனக்குறைகளைக் கேட்ட பிறகு, லிபெரா, ஷெக்னர், சாக்ஸ் ஆகியோரின் படைப்புகள் உள்ள பகுதிக்கு முன்னால் அறிவிப்பும் வெளியேறும் வழியும் அமைக்கப்பட்டன. இது சமரசம் என்று கலைத் தரப்பிலிருந்தும், கண்துடைப்பு என்று எதிர்த்தரப்பிலிருந்தும் குறை சொல்லப்பட்டது. இரு தரப்பும் அதன் இயல்பைக் கவனிக்கவில்லை. சுவர்க் குறிப்பு பார்வையாளரைச் சிந்திக்கச் சொல்லி வற்புறுத்தியது, இந்த வாசலோ அவரிடம் விருப்பத்தைக் கேட்டது. வந்தவர்களில் மாணவரும் இருக்கலாம், கையில் முகாம் எண் பச்சை குத்தப்பட்டவரும் இருக்கலாம் என்பதை அந்தக் கட்டடத்தில் முதன்முறையாக ஒப்புக்கொண்ட ஏற்பாடு அதுவே. துக்க வீட்டுக்கு வந்தவரை இன்னும் சற்று நேரம் இருங்கள் என்று கட்டாயப்படுத்துவதில்லை. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

குறை என்னவென்றால் அது கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது. முதல் வரைபடத்திலேயே இருந்திருந்தால், எந்தப் படைப்பு வாசலுக்கு இப்புறம், எது அப்புறம் என்பதைக் காப்பாட்சியர் கலைக் காரணங்களால் தீர்மானித்திருப்பார். நடந்ததோ வேறு. பத்திரிகைகளில் அதிகம் அடிபட்ட மூன்றும் அப்புறம் போயின. மெங்கலேயின் ஆறு முகங்கள் எச்சரிக்கை ஏதுமின்றி இப்புறமே நின்றன. அவனை நேரில் பார்த்த ஒருவர் அந்த அறைக்குள் தற்செயலாக நுழைந்திருந்தால், அவரைத் திடுக்கிட வைத்திருக்கக்கூடியது லெகோவா, அந்த முகங்களா? எச்சரிக்கைப் பலகைக்கான இடத்தைத் தீர்மானித்தது காயத்தின் ஆழம் அல்ல, செய்தியின் சத்தமே.

பின்னர்

கண்காட்சி அறிவித்தபடி ஜூன் 30 அன்று முடிந்தது. ரோசன்பாம் 2011 வரை இயக்குநராகத் தொடர்ந்தார். வெனிஸுக்கு வர வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட லிபெராவின் லெகோ பெட்டிகளில் ஒரு தொகுதியை வார்சாவின் நவீனக் கலை அருங்காட்சியகம் பின்னாளில் தன் நிரந்தரச் சேகரிப்புக்காக விலைகொடுத்து வாங்கியது. டான்சிக்கிலிருந்து பெட்டிகளில் வந்த விளக்குகளும் தோரா அணிகளும் நியூயார்க்கிலேயே இருக்கின்றன.